கிளியர் கோட் உரிந்த அலாய் சக்கரங்களைச் சீரமைத்தல்: கழற்றுவது முதல் மாட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

அலாய் சக்கரத்தின் முகத்தில் வெண்மையான கோடுகள் நூல் நூலாக ஓடுவதையும், ஓரங்களில் பூச்சு செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நிற்பதையும் கண்டதும், பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஒரு கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற காப்புப் பூச்சு) ஸ்ப்ரே டப்பாவைத்தான். உரிந்த இடத்தை லேசாகத் தேய்த்து அதன்மேல் அடித்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். அப்படிச் செய்த சக்கரங்கள் சில மாதங்களில் முன்பைவிட அகலமாக உரிந்து திரும்பி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் ஸ்ப்ரே அடிப்பது கடைசியில் வரும் சிறு பகுதி. கண்ணுக்குத் தெரியும் பாதிப்புக்கு அப்பால் பூச்சு எங்கே பிடிப்பை இழந்திருக்கிறது என்று கண்டறிந்து, அதுவரை நீக்குவதே பெரும்பகுதி. கீழே உள்ள படிகளின் வரிசை அந்தக் காரணத்தால் அமைந்தது; வரிசையை மாற்ற வேண்டாம்.

1. சக்கரம் எந்த வகை என்பதை உறுதி செய்தல்

அலாய் சக்கரங்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பூச்சுக்கு அடியில் இருப்பது வேறு வேறு. முழுவதும் வண்ணம் பூசிய சக்கரத்தில் உலோகத்தின்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், அதன்மேல் கிளியர் கோட் என்ற அடுக்குகள் இருக்கும். முகத்தை லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் சீவிய சக்கரத்தில், சீவிய பகுதியில் பிரைமரும் இருக்காது, நிறமும் இருக்காது. அங்கே பளிச்சிடுவது அலுமினியமேதான். அதைக் காப்பது கிளியர் கோட் மட்டுமே.

வெயிலில் சக்கரத்தைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். இசைத்தட்டின் வரிகளைப் போல மிக நுண்ணிய வட்டக் கோடுகள் தெரிந்தால் அது லேத்தில் சீவிய முகம். அந்தக் கோடுகளைக் கையால் தேய்த்து மீண்டும் உருவாக்க முடியாது. ஒருமுறை உப்புத்தாள் பட்டுவிட்டால் அவை போனவைதான். ஆகவே அந்தத் தோற்றம் வேண்டுமென்றால் சக்கரங்களைச் சீவும் சிஎன்சி லேத் (கணினி இயக்கும் லேத்) வைத்திருக்கும் பட்டறைக்கே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை சீவும்போதும் உலோகத்தில் ஒரு மெல்லிய தோல் போகிறது என்பதால் அதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகொண்டிருக்க இயலாது. வீட்டில் செய்வதானால், சீவிய முகத்தை முழுவதும் வண்ணம் பூசிய முகமாக மாற்றிவிடுவதே நிலைக்கும் வழி.

வெறும் அலுமினியத்தின்மேல் நேரடியாக டப்பா கிளியர் அடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தொழிற்சாலையில் அந்த உலோகத்துக்கு ஒரு வேதிப் பதப்படுத்தல் செய்த பிறகே கிளியர் ஏற்றுகிறார்கள். அது இல்லாமல் பூச்சுக்குப் பிடிமானம் போதுவதில்லை.

கண்ணாடிபோல் மின்னும் குரோம் முலாம் உரிந்திருந்தால் இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது. அதை வீட்டில் தேய்க்கக் கூடாது. குரோமுக்கு அடியிலுள்ள நிக்கல் அடுக்கின் தூசி உடலுக்குத் தீங்கானது. முலாம் பூசும் பட்டறையே அதற்கான இடம்.

2. சீரமைக்கத் தகுந்த சக்கரமா என்று பார்த்தல்

பூச்சைத் தொடும் முன் சக்கரத்தின் உட்புறத்தையும் பின்புறத்தையும் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு சுற்று முழுவதும் பாருங்கள். விரிசல், வளைவு, ஓரத்தில் பெயர்ந்த துண்டு ஆகிய மூன்றில் எது இருந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். பூச்சு விரிசலை மறைக்குமே தவிர அடைக்காது. மறைந்த விரிசலோடு ஓடும் சக்கரம் உயிருக்கு ஆபத்து. நடைபாதைக் கல்லில் உரசிய மேலோட்டமான காயம் என்றால் அஞ்ச வேண்டியதில்லை.

3. பாதிப்பு உண்மையில் எங்கே முடிகிறது என்று சோதித்தல்

புதியவர்கள் தவறாமல் இடறும் இடம் இது. உரிந்த சக்கரத்தைக் கழுவும்போது கவனித்திருப்பீர்கள்: நனைந்திருக்கும்வரை வெண்கோடுகள் ஏறக்குறைய மறைந்து சக்கரம் புதிதுபோல் தெரியும், காயக் காய அவை ஒவ்வொன்றாக மீண்டும் வெளுத்து எழும். தண்ணீர் மறைத்ததைக் கிளியரும் மறைத்துவிடும் என்று அப்போது தோன்றுவது இயல்பு. ஆனால் தண்ணீர் தூக்கிய பூச்சுக்கு அடியிலும் கசிந்து நிரம்புகிறது. கிளியர் அங்கே போவதில்லை.

அந்த வெண்கோடுகள் பூச்சுக்கு அடியில் நடக்கும் அரிப்பு. கல் பட்ட சிறு புள்ளியிலோ கூர்மையான ஓரத்திலோ ஈரம் நுழைந்து, அங்கிருந்து புழு ஊர்ந்ததுபோல் முன்னேறுகிறது. வெள்ளையாகத் தெரிவது அதன் வால்; அரிப்பு இப்போது நடந்துகொண்டிருப்பது கோட்டின் தலைப்பக்கத்தில். அதனால் வெள்ளை முடியும் இடத்தில் பாதிப்பு முடிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. குறைந்தது ஒரு சென்டிமீட்டர் தாண்டிச் செல்ல வேண்டும்.

நலமாகத் தோன்றும் பகுதியையும் சோதித்துவிடுங்கள். கூரிய கத்தியால் பூச்சில் சில நெருக்கமான கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன்மேல் நல்ல ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுக்கவும். சதுரங்கள் நாடாவோடு வந்துவிட்டால் அந்தப் பகுதியின் பிடிப்பும் போய்விட்டது. முகத்தின் மூன்று நான்கு இடங்களில் இதைச் செய்து பார்த்து, ஓர் இடத்தில் மட்டும் வந்தால் பகுதிச் சீரமைப்பு, இரண்டிலோ அதற்கு மேலோ வந்தால் முகம் முழுவதையும் உரித்தல் என்று முடிவு செய்யலாம். ஐயம் இருந்தால் முழுவதையும் உரிப்பதே உழைப்பைக் குறைக்கும். பகுதிச் சீரமைப்பில் பழைய பூச்சும் புதிய பூச்சும் சேரும் எல்லையை மறைக்கப் படும் பாடு, முகம் முழுவதையும் உரிக்கும் வேலையைவிடப் பெரிது.

4. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

நடுவில் பொருள் தீர்ந்து கடைக்கு ஓடுவது வேலையையே கெடுக்கும். தேய்த்து வைத்த உலோகம் காத்திருக்கக் கூடாது. அடித்த நிறத்தின்மேல் கிளியர் ஏற்றவும் ஒரு கால வரம்பு உண்டு.

வாட்டர் பேப்பர் (தண்ணீரோடு தேய்க்கும் உப்புத்தாள்) 180, 240, 320, 400, 600 எண்களில் வேண்டும். இறுதி மெருகுக்கு 1500, 2000 எண்களும், பாலிஷும் வேண்டும். வளைவுகளுக்குச் சாம்பல் நிற நைலான் உரசுபட்டை, தட்டையான இடங்களுக்கு ரப்பர் கட்டை, மாஸ்கிங் டேப், எண்ணெய் நீக்கும் திரவம், பஞ்சு உதிராத துணி, தூசி ஒட்டும் துணி ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். இரும்புக் கம்பித் தூரிகையும் இரும்புக் கம்பளியும் அருகிலேயே இருக்க வேண்டாம்: அவற்றின் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, பூச்சுக்கு அடியில் துருவும் அரிப்பும் தொடங்கும் புள்ளிகளாகின்றன.

பிரைமர், நிறம், கிளியர் மூன்றையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வாங்குங்கள். வெவ்வேறு தயாரிப்புகளைக் கலக்கும்போது மேல் அடுக்கின் கரைப்பான் கீழ் அடுக்கைக் கரைத்துச் சுருங்கச் செய்யலாம்.

கிளியரில் இரு வகை உண்டு. ஒன்-கே என்பது காற்றில் தானே காயும் ஒற்றைப் பொருள். பயன்படுத்த எளிது, ஆனால் எரிபொருளும் கடுமையான கழுவு திரவங்களும் பட்டால் தாங்கும் திறன் குறைவு. டூ-கே என்பது கடினமாக்கி கலந்து வினைபுரிந்து இறுகுவது. தொழிற்சாலைப் பூச்சுக்கு நெருங்கிய உறுதி தரும். ஆனால் அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. அவை நுரையீரலில் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் உண்டாக்கக் கூடியவை. ஆபத்தான அளவை எட்டிய பிறகும் அவற்றின் வாடை மூக்குக்கு எட்டாமல் இருக்கலாம் என்பதால், வாடை வரவில்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளமே அல்ல.

வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லாதவர் டூ-கே கிளியரைத் தாமே அடிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தேய்ப்பது முதல் பிரைமர் வரை நீங்கள் செய்துவிட்டு, நிறத்தையும் கிளியரையும் அடிக்கும் வேலையை மட்டும் பெயின்ட் பூத் உள்ள பட்டறையிடம் விடுவது சிறந்த ஏற்பாடு. ஒன்-கே அடிப்பதானாலும் கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி கொண்ட முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம்; துணி முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது.

5. கழற்றுதலும் கழுவுதலும்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு இறுகிய நட்டைத் திருக முயன்றால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவக் கூடும். தூக்கியதும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியை விட்டுவைக்கக் கூடாது. ஒவ்வொரு டயரிலும் அது எந்த மூலையிலிருந்து வந்தது என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள். ஒரு திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர்களை இடம் மாற்றி மாட்டும் தவறு பின்னால் மிக எளிதாக நேர்கிறது.

சக்கரத்தை வண்டியிலேயே வைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு. தூசியும் ஸ்ப்ரேயும் பிரேக் டிஸ்க்கில் படிவது மட்டுமல்ல, நட்டுத் துளைகளைச் சுற்றியும் ஸ்போக்கின் (சக்கரத்தின் ஆரக்காலின்) பக்கவாட்டிலும் கை போகாது. அந்த வழி வேண்டாம்.

கழுவுவதில் முதல் பகை பிரேக் தூசி. இரண்டாவது, டயருக்குப் பளபளப்பு ஏற்றும் சிலிக்கான் திரவம். டயரின் பக்கச்சுவரையும் தேய்த்துக் கழுவாவிட்டால், அந்த சிலிக்கான் விரல் வழியாகச் சக்கரத்துக்கு வந்து, பின்னால் பூச்சில் மீன்கண் போன்ற வட்டக் குழிகளை உண்டாக்கும். அமிலம் கலந்த சக்கரத் திரவங்களைத் தவிர்க்கவும். உரிந்த இடங்களில் வெறும் அலுமினியம் திறந்திருக்கிறது, அமிலம் அதை மேலும் அரிக்கும். பேலன்ஸ் எடைகள் முன்விளிம்பில் இருந்தால் அவற்றின் இடத்தைக் குறித்துக்கொண்டு எடுத்துவிடுங்கள். உரிதல் பல சக்கரங்களில் அந்த எடையின் கவ்விக்கு அடியில்தான் தொடங்கியிருக்கும்.

6. பழைய பூச்சை நீக்குதல்

முகம் முழுவதும் உரிக்க வேண்டியிருந்தால் பெயின்ட் ரிமூவர் நேரத்தைக் காக்கும். அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். காஸ்டிக் சோடா கலந்தவை கூடவே கூடாது: அவை அலுமினியத்தையே கரைத்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். டயரின் ரப்பரை முதலில் பிளாஸ்டிக் தாளால் மூடி, ரிமூவரைக் கனமாகத் தடவி, அது காயாமல் மேலேயும் ஒரு தாள் போர்த்தி விடுங்கள். தொழிற்சாலைக் கிளியர் பெரும்பாலும் சூட்டில் இறுகிய பூச்சு என்பதால் ஒரே தடவையில் வராது. இரண்டு மூன்று தடவை ஆகலாம். மரக் குச்சியோ பிளாஸ்டிக் சுரண்டியோ கொண்டு எடுத்து, நிறையத் தண்ணீரில் அலசவும். மூலைகளில் தங்கிய ரிமூவர் பல நாள் கழித்தும் புதிய பூச்சைத் தூக்கிவிடும்.

தேய்ப்பதைத் தண்ணீரோடுதான் செய்ய வேண்டும். நுண்ணிய அலுமினியத் தூசி நுரையீரலுக்குத் தீங்கு, தீப்பற்றக் கூடியதும்கூட. தண்ணீர் அதைக் கட்டிப்போடும். தாள் அடைத்துக்கொள்வதும் குறையும்.

180 அல்லது 240 எண்ணில் தொடங்குங்கள். முதலில் பால்போன்ற வெண்படலம் போகும். அடியில் சாம்பல் நிற உலோகம் தெரியும். பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு துணியால் துடைத்து, உலரவிட்டு, முகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுவந்து பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். புழுக்கோடு இருந்த இடத்தில் உலோகத்துக்குள்ளேயே சற்றுக் கருமையான, மயிரிழை போன்ற ஒரு கோடு இன்னும் இருக்கும். அது கறையன்று, அரிப்பு தோண்டிய பள்ளம், உப்புகள் உள்ளே தங்கியிருக்கின்றன. அந்தக் கோடு முற்றிலும் மறையும்வரை தேய்க்க வேண்டும். ஈரத்தோடு பார்த்தால் அது தெரியாது என்பதால் ஒவ்வொரு முறையும் உலர்த்திப் பார்ப்பது கட்டாயம். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து இந்த ஒரு படிக்கே இரண்டு நாள் ஆனாலும் அது வீண் அல்ல.

பகுதிச் சீரமைப்பு என்றால், பழைய பூச்சின் விளிம்பு செங்குத்தான படியாக நிற்கக் கூடாது. சரிவாகத் தேய்ந்து உலோகத்தோடு கலக்க வேண்டும். 240இல் விளிம்பை உடைத்து, 320, 400 என்று ஏறி, எல்லையைச் சுற்றி மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சரிவை விரிக்கவும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை எல்லையின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் எங்கேனும் தட்டினால் அந்த இடம் பூச்சுக்குப் பிறகு வளையமாகத் தெரியும். விளிம்பு தேய்க்கத் தேய்க்கப் பின்வாங்கி, செதிலாக உடைந்துகொண்டே போனால், அந்தப் பூச்சுக்குப் பிடிப்பே இல்லை; பகுதிச் சீரமைப்பைக் கைவிட்டு முழுவதையும் உரித்துவிடுங்கள்.

7. ஓரங்களும் பள்ளங்களும்

பூச்சு ஈரமாக இருக்கும்போது கூர்மையான ஓரத்திலிருந்து இருபுறமும் விலகிச் செல்லும் இயல்புடையது. அதனால் தட்டையான முகத்தில் போதிய தடிமன் இருந்தாலும் ஓரத்தில் மிக மெல்லிய படலமே நிற்கும். சீவிய முகமுள்ள சக்கரங்களில் உரிதல் ஸ்போக்கின் விளிம்பிலேயே தொடங்குவதற்கு இது முக்கியக் காரணம். ஆகவே 320 எண் தாளை விரலில் சுற்றி, ஸ்போக்கின் எல்லா விளிம்புகளையும் சற்று மழுங்க விடுங்கள். கூர்மை போக வேண்டும், வடிவம் மாறக் கூடாது. இந்தச் சிறு வேலையைச் சொல்லித்தருவோர் குறைவு. ஆயுளைக் கூட்டுவதில் இதற்கு இணையான படி வேறில்லை.

நடைபாதைக் கல் உரசிய காயங்களில் முதலில் எழுந்து நிற்கும் பிசிரைத் தேய்த்துச் சமப்படுத்தவும். ஆழம் மிகக் குறைவானால் சுற்றுப்புறத்தைத் தேய்த்தே கலந்துவிடலாம். சற்று ஆழமென்றால் அலுமினியத் துகள் கலந்த பட்டியை (பள்ளம் நிரப்பும் பசையை) மெல்லிய அடுக்காக வைத்து, இறுகியதும் 180, 320 எனத் தேய்க்கலாம். டயர் அமரும் உள்விளிம்பிலும் நட்டு அமரும் இடத்திலும் பட்டியே வைக்கக் கூடாது. அவை அழுத்தம் தாங்கும் இடங்கள்.

கடைசியாக, பூச்சு ஏறப்போகும் முழுப் பரப்பையும், எஞ்சிய பழைய பூச்சு உட்பட, 400 எண்ணால் சீராக மங்க வைக்கவும். மூலைகளில் நைலான் பட்டை. எங்கேனும் பளபளப்பு எஞ்சினால் அங்கே பூச்சு ஒட்டாது.

8. மறைப்பு

டயரைக் கழற்றிவிட்டால் மிக நல்லது. கழற்றாவிட்டால் வால்வைத் திறந்து காற்றை முழுவதும் இறக்கி, ரப்பரை உள்ளே அழுத்தி, தடித்த அட்டைத் துண்டுகளை டயருக்கும் விளிம்புக்கும் இடையில் ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறும்படி சுற்றிலும் செருகவும். சீட்டுக்கட்டின் அட்டைகள் இதற்கு அளவாக இருக்கும். ரப்பரில் டேப் ஒட்டுவதைவிட இது மேலானது, ஏனெனில் டேப்பின் ஓரத்தில் பூச்சு ஒரு சுவராகக் கட்டி, பிரிக்கும்போது பெயர்ந்து வரும். அட்டை முறையில் பூச்சு விளிம்பைத் தாண்டி உள்ளே சற்று இறங்கி முடியும்.

நட்டு அமரும் கூம்புப் பகுதியையும், ஹப்போடு (வண்டியில் சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியோடு) பொருந்தும் பின்முகத்தையும் கட்டாயம் மறைக்க வேண்டும். அங்கே பூச்சு இருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கித் தடிமன் குறைய, நட்டின் இறுக்கமும் குறையும். வால்வையும் மூடுங்கள்.

9. துடைப்பும் பிரைமரும்

துடைக்கும் முன் ஒரு சோதனை. சக்கரத்தின்மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். அது ஒரே படலமாக விரிந்து நின்றால் பரப்பு சுத்தம். தாமரை இலைத் தண்ணீர்போல் முத்து முத்தாகப் பிரிந்தால் அங்கே எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது. மீண்டும் கழுவ வேண்டும்.

நன்கு உலர்த்தியபின், எண்ணெய் நீக்கியை ஒரு துணியில் எடுத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன்பே இரண்டாவது உலர்ந்த துணியால் எடுத்துவிடவும். ஒரே துணியால் துடைத்துத் தானாகக் காயவிட்டால், கரைந்த எண்ணெய் அங்கேயே திரும்பப் படியும். இதற்குப் பிறகு வெறுங்கை படக் கூடாது.

அலுமினியம் காற்றுப் பட்டதுமே ஆக்சைடு படலத்தைக் கட்டத் தொடங்கும். ஆகவே கடைசித் தேய்ப்பும் பிரைமரும் ஒரே நாளில், இடையில் சில மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடக்க வேண்டும். இன்று தேய்த்து அடுத்த வாரம் பிரைமர் அடிப்பவர், அடிக்கும் முன் 400 எண்ணால் மீண்டும் ஒருமுறை தேய்த்தே ஆக வேண்டும்.

வெறும் அலுமினியத்துக்குச் சாதாரண பிரைமர் போதாது. எட்ச் பிரைமரோ எப்பாக்ஸி பிரைமரோ வேண்டும். எட்ச் பிரைமரில் உள்ள அமிலம் உலோகத்தை நுண்ணிய அளவில் கடித்துப் பிடிக்கும். ஆனால் அதன் படலம் ஈரத்தை உறிஞ்சக் கூடியது என்பதால் அதன்மேல் அடுத்த அடுக்கு விரைவில் ஏற வேண்டும். எப்பாக்ஸி ஈரத்தை நன்றாகத் தடுக்கும், சில நாள் காத்திருக்கவும் முடியும். நான்கு சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து முடிப்பவருக்கு எப்பாக்ஸியே வசதி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று அடிக்காதீர்கள். எட்சின் அமிலம் எப்பாக்ஸி இறுகுவதைக் கெடுக்கக் கூடும்.

இரண்டு மெல்லிய அடுக்குகள் போதும். காய்ந்ததும் 600 எண்ணால் ஈரமாக லேசாகத் தேய்க்கவும். பிரைமர் நிறம் ஒரே சீராக இருப்பதால், இதுவரை கண்ணில் படாத கீறல்கள் இப்போது தெரியும். அவற்றைச் சரிசெய்யும் கடைசி வாய்ப்பு இதுவே.

10. நிறம்

வெப்பநிலை 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை, காற்றில் ஈரப்பதம் குறைவு, காற்று வீசாத ஆனால் காற்றோட்டமுள்ள இடம்: இவை அமையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஈரமான நாளில் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பாலாக வெளுத்துவிடும்.

டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்தால் தூவல் மென்மையாகும். கொதிநீரில் வைத்தால் வெடிக்கும். உள்ளே உள்ள குண்டு ஒலிக்கத் தொடங்கியதும் இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்கவும். முதல் தூவலை ஓர் அட்டையில் அடித்துப் பாருங்கள்.

அடிக்கும் வரிசை: முதலில் ஸ்போக்குகளின் பக்கவாட்டு, துளைகளின் உட்சுவர், நட்டுத் துளைகளைச் சுற்றி; முகம் கடைசியில். முகத்தை முதலில் அடித்துவிட்டுப் பக்கங்களுக்குப் போனால், அங்கிருந்து சிதறும் உலர்ந்த துகள்கள் முகத்தில் மணல்போல் படியும். டப்பா 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு இழுப்பையும் சக்கரத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கவும். ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் 10 முதல் 15 நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள்.

வெள்ளி நிறத்தில் உலோகத் துகள்கள் இருப்பதால் ஈரமாக அடித்த இடத்தில் அவை மூழ்கி இருண்டும், உலர்வாக அடித்த இடத்தில் வெளுத்தும் தெரியும். கடைசியாகச் சற்றுத் தூரத்திலிருந்து மூடுபனிபோல் ஒரு தூவல் கொடுத்தால் திட்டுகள் சமமாகும். இந்த நிறத்தின்மேல் உப்புத்தாள் வைக்கக் கூடாது; துகள்களின் அடுக்கு கலைந்து அந்த இடம் கறையாகத் தெரியும். தூசி விழுந்துவிட்டால் அதை எடுத்துவிட்டு மேலே மீண்டும் நிறம் தூவ வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் நிறத்தை ஒரே நாளில் அடிப்பது நல்லது. வேறு நாள், வேறு ஈரப்பதம் என்றால் சாயலும் வேறாகும்.

11. கிளியர் கோட்

நிறத்தின் ஈரப் பளபளப்பு போய் மங்கியதும், டப்பாவில் குறித்த கால வரம்புக்குள் கிளியரைத் தொடங்கவும். தூசி ஒட்டும் துணியால் அழுத்தாமல் ஒருமுறை வருடிவிடலாம்.

முதல் அடுக்கு மெல்லியது. அது முழுப் பளபளப்பைத் தர வேண்டியதில்லை, அடுத்த அடுக்கு வழியாமல் பிடிக்க ஒரு தளம் தந்தால் போதும். 10 நிமிடம் கழித்து ஈரமான இரண்டாவது அடுக்கு, மீண்டும் மூன்றாவது. ஈரம் என்றால் பரப்பில் விளக்கின் பிம்பம் தெளிவாகத் தெரியும் அளவு. அதற்கு மேல் ஒரு நொடி நின்றால் வழியும். ஸ்போக்கும் வெளிவளையமும் சேரும் மூலைகளில்தான் வழிசல் சேரும், ஆகவே அங்கே கையை வேகமாக நகர்த்துங்கள். சக்கரத்தைப் படுக்க வைத்து அடித்தால் வழிசல் குறையும், தூசி விழுவது கூடும். நான் படுக்க வைப்பதையே விரும்புகிறேன்: தூசியைப் பின்னால் மெருகிட்டு எடுக்கலாம், வழிசலை எடுப்பது கடினம்.

விளிம்புகளுக்கு ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு தனி இழுப்பு கொடுங்கள். காரணம் ஏழாவது படியில் சொன்னதே.

பகுதிச் சீரமைப்பிலும் கிளியரை அந்தத் திட்டில் மட்டும் நிறுத்தக் கூடாது. முகம் முழுவதையும் மங்க வைத்திருப்பதால் முழு முகத்துக்கும் கிளியர் அடித்து, ஓர் இயற்கையான ஓரத்தில் முடிக்கவும். திட்டின் எல்லையில் முடிந்த கிளியரின் மெல்லிய விளிம்பே அடுத்த உரிதலின் தொடக்கம்.

12. காயவிடுதலும் பிழை திருத்தமும்

மறைப்பு அட்டைகளைக் கிளியர் முழுவதும் இறுகும் முன், அதாவது தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும், மெதுவாக எடுத்துவிடவும். டூ-கே பூச்சை 20 டிகிரியில் ஒரு நாளுக்குப் பிறகு கையாளலாம். ஒன்-கே பூச்சு மேலே உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் பல நாள் மென்மையாகவே இருக்கும். இரண்டுக்குமே ஒரு வாரம் கொடுங்கள். டயர் மாட்டும் இயந்திரத்துக்கு அதற்கு முன் அனுப்பினால் கவ்விகளின் தடம் பதியும்.

வழிசல் விழுந்திருந்தால் ஈரத்தில் துடைக்காதீர்கள். ஒரு வாரம் கழித்துக் கட்டையில் சுற்றிய 1500 எண் தாளால் மேட்டை மட்டும் தேய்த்து, 2000, பிறகு பாலிஷ். தூசிப் புள்ளிகளுக்கும் இதுவே வழி. மீன்கண் குழிகள் ஒன்றிரண்டு என்றால் தேய்த்து நிரப்பலாம். முகம் முழுவதும் வந்திருந்தால் அடியில் சிலிக்கான் இருக்கிறது என்று பொருள், ஒன்பதாவது படிக்குத் திரும்ப வேண்டும். சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில் கீழடுக்கு கரைந்துவிட்டது; மேலே இன்னும் அடித்து மூட முடியாது, முழுதாகக் காயவிட்டுத் தேய்த்தெடுப்பதே வழி.

13. மாட்டுதலும் முதல் மாதமும்

ஹப்பின் முகத்திலுள்ள துருவைத் துடைத்து, நட்டு அமரும் இடங்களில் பூச்சு ஏதும் ஒட்டவில்லை என்று பார்த்தபின் சக்கரத்தை மாட்டவும். நட்டுகளைக் கையால் திருகி, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் இறுக்கி, வண்டியை இறக்கியபின் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் திருகுக் கருவியால்) முடிக்கவும். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்; கார்களில் அது பெரும்பாலும் 90 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும் என்றாலும் உங்கள் வண்டிக்குரிய எண்ணையே பயன்படுத்துங்கள். காற்றில் இயங்கும் துப்பாக்கி ரெஞ்சு வேண்டாம். அதன் சாக்கெட் புதிய பூச்சைச் சிராய்க்கும். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய சாக்கெட் நல்லது.

டயரைக் கழற்றியிருந்தாலும் எடைகளை எடுத்திருந்தாலும் பேலன்ஸ் புதிதாகப் பார்க்க வேண்டும். பட்டறையில் விளிம்பைக் கவ்வும் எடைகளுக்குப் பதிலாக உட்புறத்தில் ஒட்டும் எடைகளைக் கேளுங்கள். கவ்வும் எடை புதிய பூச்சின் விளிம்பை முதல் நாளே கீறிவிடும்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்கவும். முதல் நான்கு வாரங்களுக்கு மென்மையான ஷாம்பூவும் தண்ணீரும் மட்டும். உயரழுத்த நீரை விளிம்புகளுக்கு மிக அருகில் பிடிக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கழுவலிலும் வால்வைச் சுற்றி, நட்டுத் துளைகள், ஸ்போக்கின் விளிம்புகள் ஆகியவற்றை உலர்ந்தபின் ஒரு பார்வை பாருங்கள். கல் பட்ட புள்ளி எதுவும் தெரிந்தால், அன்றே துடைத்து, ஒரு தீக்குச்சி நுனியால் ஒரு சொட்டுக் கிளியர் வைத்து அடைத்துவிடுங்கள்.